கதைக்கு முகம் கொடுத்தவர்: ஜப்பானிய ஓவியர் தகாஷி தகேயுச்சி

சென்ற ஆண்டு சரஸ்வதி பூஜை அன்று எங்கள் வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் நாங்களும் என் அக்கா குடும்பமும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறோம். நல்ல நாள் என்றால் எல்லாரும் ஒரே வீட்டில்தான். அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். பூஜையில் வைத்த கணக்கு, இயற்பியல் புத்தகங்களுக்கு நடுவில் தன் படம் வரையும் நோட்டையும் செருகி வைத்துவிட்டான். மறுநாள் காலை புத்தகங்களை எடுக்கும்போது அது என் அம்மாவின் கையில் கிடைத்தது.

"இது யாருடா?"

"கர்ணன், பாட்டி."

"கர்ணனா? ஏண்டா இப்படி வெளுத்துப் போய், தலையெல்லாம் நரைச்சு நிக்கிறான்? ஒரு காதுலதான் குண்டலம் தெரியுது. நீ சிவாஜியைப் பார்த்ததே இல்லையா?"

"இது ஜப்பான்காரங்க போட்ட கர்ணன் பாட்டி. அதைப் பார்த்து நான் வரைஞ்சேன்."

அதோடு முடிந்திருக்கும். பொறியியல் வேண்டாம், ஓவியம் சார்ந்த படிப்புக்குப் போகிறேன் என்று அவன் சேர்த்துச் சொன்னதுதான் வினை. "படம் போட்டா சோறு வருமாடா?" என்று அக்கா கேட்டாள். அவன் என்னைப் பார்த்து, "மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்றான். எனக்கு என்ன தெரியும்? "விசாரிச்சுச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, அந்தக் கர்ணன் எங்கிருந்து வந்தான் என்று தேடிப் படித்தேன். தேடல் ஓர் ஓவியரிடம் கொண்டுபோய் விட்டது. அவர் பெயர் தகாஷி தகேயுச்சி. கர்ணனை வரைந்தவர் அவர் அல்லர். ஆனால் கர்ணன் வந்து நிற்கிற அந்தக் கதை உலகத்துக்கு முதல் முகங்களைக் கொடுத்தவர் அவர்தான். அக்காவின் கேள்வி பல வீடுகளில் கேட்கப்படுகிற கேள்வி என்பதால், நான் தெரிந்துகொண்டதை மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

காட்சி நாவல் என்பது என்ன?

தகேயுச்சி வேலை செய்த துறைக்கு ஜப்பானில் 'விஷுவல் நாவல்' என்று பெயர். நாம் காட்சி நாவல் என்று சொல்லலாம். கணினித் திரையில் ஒரு பின்னணி தெரியும்: பள்ளிக்கூட மாடி, இரவு நேரத் தெரு, ஒரு வீட்டின் கூடம். அதன் முன்னால் ஒரு கதாபாத்திரம் நம்மைப் பார்த்து நிற்கும். அதன் மேலோ கீழோ கதையின் வாக்கியங்கள் ஓடும். ஒரு தட்டு தட்டினால் அடுத்த வரி வரும். இசை மெல்லக் கேட்கும். சில இடங்களில் "உள்ளே போகலாமா, திரும்பிவிடலாமா?" என்பது மாதிரி கேள்வி வரும். நாம் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். ஒரே கதைக்குப் பல முடிவுகள்.

விளையாட்டு என்று கடையில் விற்றாலும் இதில் ஓடுவதும் சுடுவதும் குறைவு. பெரும்பாலும் உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான். ஒரு தடித்த நாவலின் அளவுக்கு, சில சமயம் அதற்கு மேலும் எழுத்து இருக்கும்.

இந்த வடிவத்துக்கு ஒரு குறுகிய வரலாறு உண்டு. 1992-இல் சுன்சாஃப்ட் என்ற நிறுவனம் 'ஓதோகிரிசோ' என்ற திகில் கதையை வெளியிட்டு, அதற்குச் 'சவுண்ட் நாவல்' என்று பெயர் வைத்தது. எழுத்தும் ஒலியும்தான் அதற்குப் பிரதானம். 1994-இல் அதே நிறுவனம் தந்த 'கமாயிதாச்சி நோ யோரு' என்ற துப்பறியும் கதையில் மனிதர்கள் வந்தார்கள். ஆனால் நீல நிற நிழலுருவங்களாகத்தான் வந்தார்கள், முகம் கிடையாது. 1996-இல் லீஃப் என்ற நிறுவனம் 'ஷிசுகு' என்ற கதையை வெளியிட்டபோதுதான் 'விஷுவல் நாவல்' என்ற பெயரே புழக்கத்துக்கு வந்தது. நிழலாக இருந்த இடத்தில் கண்ணும் மூக்கும் வாயும் கொண்ட ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். ஓவியருக்கு அங்கே வேலை வந்தது.

கதை சொல்லிக்கொண்டே படம் காட்டுவது ஜப்பானுக்குப் புதிதல்ல. 1930-களில் 'கமிஷிபாய்' என்று ஒரு தெருக் கலை இருந்தது. மிட்டாய் விற்கிறவர் சைக்கிளில் ஒரு மரச்சட்டத்தைக் கட்டி வருவார். படங்களை ஒவ்வொன்றாக உருவிக் காட்டிக் கதை சொல்வார். வங்காளத்தில் வாழும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். மேதினிபூர்ப் பக்கத்துப் பட்டுவாக்கள் படச்சுருளைப் பிரித்துக்கொண்டே பாடுகிறார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

ஓவியருக்கு அதில் என்ன வேலை?

திரைப்படம் மாதிரி ஆயிரக்கணக்கான படங்கள் காட்சி நாவலில் இருக்காது. சிக்கனமான கலை இது. ஓவியர் தருவது முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, நிற்கும் படம். ஒரு கதாபாத்திரத்துக்குச் சில நிலைகள் மட்டும் வரைவார்கள். உடம்பு அப்படியே இருக்கும். புருவம், கண், வாய் மட்டும் மாற்றி மாற்றி ஒட்டப்படும். கோபம், வெட்கம், சந்தேகம், அழுகை எல்லாம் அந்தச் சின்ன மாற்றங்களில் வந்தாக வேண்டும். இரண்டாவது, நிகழ்ச்சிப் படம். கதையின் உச்சமான இடங்களுக்கு மட்டும் திரை முழுக்க ஒரு தனிப் படம் வரும்.

இதில் உள்ள சிரமத்தை யோசித்துப் பாருங்கள். வாசகர் பல மணி நேரம் அதே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார். முதல் நாள் அழகாகத் தெரிந்து பத்தாம் நாள் சலித்துப்போகிற முகம் உதவாது. எழுத்தாளர் நூறு விதமாக எழுதுகிற மனநிலையை ஏழெட்டு முகபாவத்தில் அடக்க வேண்டும். முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் எழுத்துக்கு வேலை இல்லை. எதுவுமே சொல்லாவிட்டால் வாசகர் எழுந்து போய்விடுவார். பாதியைச் சொல்லி மீதியை எழுத்துக்கு விட்டுத்தருகிற முகம் வேண்டும். தகேயுச்சியின் படங்களைப் பற்றி எனக்குப் புரிந்தது இதுதான். அவர் கதைக்கு வழிவிட்டு வரைகிறவர்.

இரண்டு நண்பர்கள்

தகேயுச்சியின் தொழில் வாழ்க்கையை அவர் நண்பரை விட்டுவிட்டுச் சொல்லவே முடியாது. நண்பர் பெயர் கினோகோ நாசு. புனைபெயர்தான்; கினோகோ என்றால் ஜப்பானிய மொழியில் காளான். இருவரும் நடுநிலைப் பள்ளி நாட்களிலிருந்தே சினேகிதர்கள். ஒருவருக்குப் படம், இன்னொருவருக்கு எழுத்து.

தகேயுச்சி, 'புயோ புயோ' என்ற புகழ்பெற்ற புதிர் விளையாட்டைத் தயாரித்த கம்பைல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதாவது எடுத்த எடுப்பில் சொந்தக் கடை போடவில்லை. மாதச் சம்பள வேலையில் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

1998 அக்டோபரில் நாசுவின் 'காரா நோ கியோகாய்' என்ற நாவல் இணையத்தில் தொடராக வரத் தொடங்கியது. 'வெறுமையின் எல்லை' என்று தமிழில் சொல்லலாம். நண்பருடைய கதைக்குத் தகேயுச்சி படம் போட்டார். பெரிய கவனம் ஒன்றும் கிடைக்கவில்லை. பெயர் தெரியாத ஒருவர் எழுதிய நீண்ட, கனமான நாவலை யார் தேடிப் படிப்பார்கள்? நம் சங்க மலரிலேயே பத்துப் பக்கக் கட்டுரை என்றால் புரட்டிவிட்டுப் போகிறவர்கள்தானே அதிகம்!

அடுத்ததாக நண்பர்கள் எடுத்த முடிவுதான் அவர்கள் வாழ்க்கையையே திருப்பியது. நாசுவின் புதிய கதை ஒன்றைக் காட்சி நாவலாகச் செய்வது என்று இறங்கினார்கள். அப்படி உருவானது 'சுகிஹிமே', அதாவது நிலவு இளவரசி. வேலை செய்தவர்கள் நாலே பேர் என்று சொல்லலாம். கதை நாசு, படம் தகேயுச்சி, இசைக்கு ஒருவர், கணினி நிரலுக்கு ஒருவர். தங்கள் குழுவுக்கு 'டைப்-மூன்' என்று பெயர் வைத்தார்கள்.

பொருட்களின் மரணக் கோடுகளைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பள்ளி மாணவனும், பல நூறு ஆண்டுகள் வாழ்ந்த ஓர் இரத்தக்காட்டேரி இளவரசியும் சந்திப்பதுதான் கதையின் தொடக்கம். பணம் இல்லாத பிள்ளைகள் செய்த வேலை என்று பார்த்தவுடன் தெரியும். பின்னணிகள் பல, புகைப்படத்தைக் கணினியில் மாற்றிப் போட்டவை. பேச்சுக் குரல் கிடையாது. ஆனால் அந்த இளவரசியின் முகம் மனதில் நின்றது. முகத்துக்காக வந்தவர்கள் எழுத்துக்காக உட்கார்ந்துவிட்டார்கள்.

சந்தையில் ஒரு மேசை

இந்தப் படைப்பை அவர்கள் எங்கே விற்றார்கள் என்பது முக்கியம். எந்தக் கடையிலும் வைக்கவில்லை; 'கோமிக் மார்க்கெட்' என்ற சந்தையில் வைத்தார்கள். சுருக்கமாகக் கோமிகெட் என்பார்கள். 1975 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சந்தை ஆகஸ்டிலும் டிசம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை தோக்கியோவில் கூடும். பதிப்பாளர் கிடையாது. வரைந்தவரே அச்சிட்டு, எழுதியவரே மேசை போட்டு உட்கார்ந்து விற்பார்கள். ஜப்பானிய மொழியில் இத்தகைய சொந்த வெளியீட்டுக்கு 'தோஜின்' என்று பெயர்.

கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் சிற்றிதழ்களுக்கென்று தனி அரங்கு உண்டு அல்லவா? ஒரு மேசை, ஒரு நாற்காலி, கையால் எழுதிய பெயர்ப் பலகை, பின்னால் ஆசிரியரே உட்கார்ந்திருப்பார். அதைப் பல மடங்கு பெரிதாக்கிக்கொண்டால் கோமிகெட். நம் ஊர் மணிக்கொடி, எழுத்து காலத்துச் சிற்றிதழ்க்காரர்களுக்கு இப்படி ஒரு சந்தை கிடைத்திருந்தால் என்று எனக்கு ஓர் ஏக்கம்கூட வந்தது.

2000 ஆகஸ்டு சந்தையில் 'சுகிஹிமே'யின் ஒரு பகுதியை 'அரைநிலவுப் பதிப்பு' என்று கொண்டுபோனார்கள். டிசம்பரில் முழுமையான பதிப்பு வந்தது. விளம்பரம் என்று பெரிதாக ஏதுமில்லை. வாங்கியவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள், வாய்வழியாகவே பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் அது அமெச்சூர் படைப்புகளில் ஒரு பெரிய சாதனையாகவே பேசப்பட்டது. 2002-இல் இன்னொரு தோஜின் குழுவுடன் கூட்டுச் சேர்ந்து, அதே பாத்திரங்களை வைத்து 'மெல்டி பிளட்' என்ற சண்டை விளையாட்டும் வந்தது.

ஆண் அரசன் பெண் அரசனான கதை

சந்தை மேசையிலிருந்து நிறுவனமாக மாறும் நேரம் வந்தது. 'நோட்ஸ்' என்று நிறுவனம் தொடங்கினார்கள். அதன் தலைமைப் பொறுப்பு ஓவியர் தகேயுச்சியுடையது. டைப்-மூனின் முதல் வணிகப் படைப்பான 'ஃபேட்/ஸ்டே நைட்' 2004 ஜனவரி 30 அன்று வெளிவந்தது.

கதையின் அடிப்படை எளிமையானது. வேண்டியதைத் தரும் ஒரு புனிதக் கிண்ணத்துக்காக ஏழு மந்திரவாதிகள் போட்டியிடுகிறார்கள். ஒவ்வொருவரும் வரலாற்றிலிருந்தோ புராணத்திலிருந்தோ ஒரு வீரரை ஆவியாக வரவழைத்துக்கொள்ளலாம். கிரேக்கத்து ஹெராக்ளீஸ் வருவார். மெசபத்தோமியாவின் கில்கமேஷ் வருவார். ஜப்பானிய வாள்வீரர் சசாகி கோஜிரோ வருவார். கதாநாயகனிடம் வந்து சேர்வது 'சேபர்', அதாவது வாள்வீரர் வகை. அவர் உண்மையில் இங்கிலாந்துப் பழங்கதையின் ஆர்தர் அரசர்.

இந்தக் கதையை நாசு இளம் வயதில் முதலில் எழுதியபோது, கதாநாயகி ஒரு பெண். அவளிடம் வருகிற ஆர்தர் ஓர் ஆண். விளையாட்டாகச் செய்ய உட்கார்ந்தபோது, இதைத் திருப்பிப் போடலாம் என்று யோசனை சொன்னவர் தகேயுச்சி. கதாநாயகன் ஆண், ஆர்தர் அரசர் பெண். வாங்கப்போகிறவர்கள் யார் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆண் அரசன் என்றால் ஆயிரம் முறை சொல்லப்பட்ட வீரக்கதை. பெண் என்றால், நாட்டுக்காகத் தன்னை ஆணாகக் காட்டிக்கொண்டு, சொந்த வாழ்க்கையைத் துறந்த ஒருத்தியின் கதை. அந்தத் துயரம்தான் 'சேபர்' பாத்திரத்தின் உயிர்.

சேபரின் தோற்றத்தையும் கவனிக்கலாம். நீல உடை, அதன்மேல் வெள்ளிக் கவசம். பொன்னிறக் கூந்தலைப் பின்னிச் சுற்றிக் கொண்டை போட்டிருக்கும். பச்சைக் கண்கள். உச்சியில் அடங்காமல் நிற்கும் ஒரு கற்றை முடி. இறுக்கிக் கட்டிய கொண்டையும் கவசமும் அரசரைக் காட்டுகின்றன. அடங்காத அந்த ஒரு கற்றை, உள்ளே ஒரு சிறு பெண் இருப்பதைக் காட்டுகிறது. பெரும்பாலும் மூடிய வாய். எழுத்து சொல்ல வேண்டியதைப் படம் முந்திக்கொண்டு சொல்வதில்லை.

பாத்திர வடிவமைப்பு என்றால் உடையும் முடியும் வரைவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தக் கதையைப் படித்த பிறகு அப்படி நினைக்கவில்லை. யாரை எப்படிக் காட்டுவது என்ற முடிவு, கதையையே மாற்றிவிடுகிறது. அதைச் சொல்கிற துணிச்சல் ஓவியருக்கு வேண்டும். கேட்டுக்கொள்கிற மனசு எழுத்தாளருக்கு வேண்டும். இரண்டும் இருந்த இடம் அது. நாசு முதலில் எழுதிய வடிவமும் வீணாகவில்லை. 2011-இல் 'ஃபேட்/புரோட்டோடைப்' என்ற சிறு அனிமேஷன் படமாக வெளிவந்தது.

ஒரே முகம் என்ற குறை

எல்லாம் புகழ்ச்சியாகவே சொன்னால் நம்ப மாட்டீர்கள். தகேயுச்சியின் மேல் ரசிகர்களே வைக்கும் குறை ஒன்று உண்டு: அவர் வரையும் பெண்களுக்கெல்லாம் ஒரே முகம். சேபரின் சாயலில் பாத்திரங்கள் வந்துகொண்டே இருந்ததால் 'சேபர் முகம்' என்றே ஒரு கேலிச் சொல் உண்டாகிவிட்டது.

அவர்கள் அதை எதிர்கொண்ட விதம் எனக்குப் பிடித்தது. கோபப்படவில்லை, தங்கள் விளையாட்டுக்குள்ளேயே ஒரு பாத்திரத்தைப் படைத்தார்கள். அவளும் சேபர் முகம்தான். அவளுடைய இலட்சியம், தன்னைப் போல முகம் உள்ள மற்ற சேபர்களை எல்லாம் ஒழித்துக்கட்டுவது! அவளை வரைந்தவரும் தகேயுச்சியேதான். தன் குறையைத் தானே கேலி செய்து, அதையும் ஒரு படைப்பாக்கிவிட்டார்.

குறை உண்மையானதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உலகத்திலேயே மிகத் திறமையான ஓவியர் பட்டியலில் அவரை யாரும் சேர்க்கமாட்டார்கள். ஆனாலும் அவர் முகங்கள் நின்றுவிட்டன. கைத்திறன் எவ்வளவு அவசியமோ, யாருடைய கதையோடு சேர்கிறோம் என்பதும் அவ்வளவு அவசியம்.

தூரிகையைக் கைமாற்றுதல்

வெற்றிக்குப் பிறகு வேலை பெருகியது. நவீன ஜப்பானிய எழுத்தாளர் கென் உரோபுச்சி எழுதிய 'ஃபேட்/சீரோ' நாவல் வரிசைக்குத் தகேயுச்சி படம் வரைந்தார். அது 2006-இல் தொடங்கியது. ஒரு காலத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த 'காரா நோ கியோகாய்' 2004-இல் கோதான்ஷா என்ற பெரிய பதிப்பகத்தின் புத்தகமாக வந்தது. 2007 டிசம்பர் முதல் யூஃபோடேபிள் நிறுவனம் அதை ஏழு அனிமேஷன் படங்களாகத் தயாரித்துத் திரையரங்குக்குக் கொண்டுவந்தது. தாங்கள் நம்பிய எழுத்துக்கு நண்பர்கள் இருவரும் பல ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்கள்.

இதற்குள் தகேயுச்சி வேறொரு வேலையும் செய்யத் தொடங்கிவிட்டார்: பிறருக்கு வழிவிடுவது. 2010-இல் வந்த 'ஃபேட்/எக்ஸ்ட்ரா' விளையாட்டின் பாத்திரங்களை அருகோ வாடா என்ற ஓவியர் வடிவமைத்தார். 2012 ஏப்ரலில் டைப்-மூன் 'மகோ ட்சுகாய் நோ யோரு' என்ற காட்சி நாவலை வெளியிட்டபோது, அதன் ஓவியப் பொறுப்பு ஹிரோகாசு கோயாமாவுடையது. ஃபேட் காலத்திலிருந்தே வண்ணம் தீட்டும் குழுவில் உழைத்தவர் அவர். நிறுவனத் தலைவரே ஓவியராக இருக்கும் இடத்தில், இன்னொருவரை முன்னால் நிறுத்துவது சின்ன விஷயமில்லை.

2015 ஜூலை இறுதியில் 'ஃபேட்/கிராண்ட் ஆர்டர்' என்ற கைப்பேசி விளையாட்டு ஜப்பானில் வந்தது. உலகில் மிக அதிகமாகச் சம்பாதித்த கைப்பேசி விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. நூற்றுக்கணக்கான வீரர்கள், ஏராளமான ஓவியர்கள். கதையின் முக்கியப் பெண் பாத்திரமான 'மாஷ்' உட்படச் சிலரைத் தகேயுச்சி வரைந்தார். மற்றவர்களைப் பிறர் வரைந்தார்கள்.

எங்கள் வீட்டுக் கர்ணனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். 2013-இல் வந்த 'ஃபேட்/எக்ஸ்ட்ரா சிசிசி'யிலேயே அவன் உண்டு. கைப்பேசி விளையாட்டில் 2016-இல் வந்த அத்தியாயத்தில் கர்ணனும் அர்ச்சுனனும் அமெரிக்க மண்ணில் எதிரெதிராக நிற்கிறார்கள். அதே அத்தியாயத்தில் இராமனும் சீதையும் உண்டு. வாலியைக் கொன்றதால் வந்த சாபத்தால் இருவரும் சேர முடியாமல் தவிக்கிறார்கள். வாலி வதை சரியா தவறா என்று பட்டிமன்றம் நடத்தியே பழகிய நமக்கு, அந்தக் கேள்வி ஜப்பான் வரைக்கும் போயிருப்பது வியப்புதான். 2019-இல் இந்தியாவையே களமாக வைத்து ஓர் அத்தியாயம் வந்தது.

பழையதையும் அவர்கள் கைவிடவில்லை. 'சுகிஹிமே'யைப் புதிதாகச் செய்யப்போவதாக 2008-இல் அறிவித்தார்கள். முதல் பகுதி 2021 ஆகஸ்டில்தான் வந்தது. பதின்மூன்று ஆண்டு! இளம் வயதில் தான் வரைந்த அதே முகங்களைத் தகேயுச்சி மறுபடி உட்கார்ந்து வடிவமைத்தார். அதன் ஆங்கில வடிவம் 2024 ஜூனில் வந்தது. 'ஃபேட்/ஸ்டே நைட்'டும் 2024 ஆகஸ்டில் ஆங்கிலத்தில் கிடைத்தது.

பெற்றோருக்கு இரண்டு எச்சரிக்கை

மறைக்காமல் சொல்ல வேண்டியது இரண்டு உண்டு. முதலாவது, 2000-இல் வந்த 'சுகிஹிமே'யும் 2004-இல் வந்த ஃபேட்டும் மூலத்தில் வயது வந்தோருக்கு மட்டுமான படைப்புகள். அந்தக் காலத்து ஜப்பானியக் கணினி விளையாட்டுக் கடைகளில் காட்சி நாவல் என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. 2007-இல் ஃபேட்டின் வேறு பதிப்பு வந்தபோது அந்தப் பகுதிகளை நீக்கிவிட்டார்கள். பின்னால் வந்தவையும் அவ்வாறே. ஆனாலும் வன்முறைக் காட்சிகள் உண்டு. பிள்ளைகள் கேட்டால் எந்தப் பதிப்பு, எந்த வயதுக்கு என்று அட்டையில் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது, கைப்பேசி விளையாட்டு இலவசம் என்பார்கள். இலவசம் வாசல் வரைக்கும்தான். பிடித்த பாத்திரம் கிடைக்க வேண்டுமென்றால் குலுக்கல் மாதிரி ஒன்று உண்டு. காசைப் போட்டுத் திருகினால் பொம்மை விழுமே, அந்த எந்திரத்தின் பெயரால் அதைக் 'கச்சா' என்கிறார்கள். எந்தப் பொம்மை விழும் என்பது நம் கையில் இல்லை. பெரியவர்களே நிறையப் பணம் இழக்கிறார்கள். அப்பாவின் வங்கி அட்டை பிள்ளையின் கைப்பேசியில் இணைந்திருக்க வேண்டாம்.

சோறு போடுமா?

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். தகேயுச்சிக்குப் போட்டது. அதை வைத்து, உன் பையனுக்கும் போடும் என்று நான் சொல்லவில்லை. கோமிகெட்டில் மேசை போட்ட ஆயிரக்கணக்கான பேரில் நிறுவனம் கண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

ஆனால் அவர் போன பாதையில் நாம் கற்றுக்கொள்ளக்கூடியவை இருக்கின்றன. சம்பள வேலையில் தொழில் பழகினார். தனியாக நிற்காமல், தான் நம்பிய ஓர் எழுத்தோடு சேர்ந்து நின்றார். சின்னதாக ஒன்றை முழுசாகச் செய்து முடித்து, மக்கள் முன்னால் வைத்தார். கணக்கு வழக்கைப் பார்த்தார். தன்னைவிட நன்றாக வரைகிறவர்களுக்கு இடம் கொடுத்தார். இதில் வெறும் படம் வரைவது ஒரு பங்குதான்.

நம் நாட்டிலும் வழிகள் உண்டு. அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்புக் கழகம் இருக்கிறது. ஐ.ஐ.டி.க்கள் சிலவற்றில் வடிவமைப்புக்கே பட்டப்படிப்பு உண்டு. 'யூசீட்' என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நமக்குப் பக்கத்தில் சாந்திநிகேதனில் 1919-இல் தோன்றிய கலாபவனம் இருக்கிறது. ஐ.ஐ.டி. என்ற சொல் காதில் விழுந்ததும் அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்ததை நான் கவனித்தேன்.

இதையெல்லாம் பையனிடமும் சொன்னேன். கடைசியாக ஒன்று கேட்டேன். "நீ நல்லா வரையறே, சரி. உன் நாசு யாருடா?" சற்று யோசித்தான். வகுப்பில் ஒரு வங்காளிப் பையன் பேய்க்கதை எழுதுகிறானாம், யாரும் படிப்பதில்லையாம். "அவனோடதுக்கு வரைஞ்சு பார்க்கட்டுமா மாமா?" என்றான். "முதல்ல பரீட்சை முடியட்டும்" என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைப் பையனும் நானும் குறித்துக்கொண்டோம்.

இதற்கிடையில் பாட்டிக்காகக் கர்ணனை வேறு மாதிரி வரைந்து கொடுத்திருக்கிறான். கறுத்த தலைமுடி, மீசை, இரண்டு காதிலும் குண்டலம். அம்மா அதைப் பூஜை அலமாரிப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறாள்.